லொறியின் நெற்றியில் என் மகள் பெயர்

"வண்டி ஒன்னோடதுதான் தம்பி." எங்கள் தரகர் இந்த வாக்கியத்தைச் சொன்னாலே நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். டயர் வெடித்தால் வண்டி என்னுடையது. கிளட்ச் போனால் என்னுடையது. ரம்பொடை வளைவில் பொலிஸ்காரர் கை காட்டினால் சந்தேகமே இல்லை, முழுக்க முழுக்க என்னுடையது. ஆனால் மனைவிக்கு வயிற்றுவலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்தேன். மறுநாள் காலையில் தரகர் என்னை நிற்கவைத்து, அடுத்தவன் வண்டியில் ஊர் சுற்றுவது என்ன பழக்கம் என்று கேட்டார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ராகலைப் பக்கம் இப்படி வண்டி எடுத்தவர்கள் பலர் இருந்தோம். தரகரிடம் ஏழெட்டுப் பழைய லொறிகள் இருந்தன. முன்பணம் கொடுத்தால் ஒன்றின் சாவியைத் தருவார். மாதாமாதம் தவணை. தவணை முடிந்ததும் லொறி நம் பெயருக்கு மாறிவிடும். அதுவரை அவர் பிடித்துக் கொடுக்கும் ஹயர், அதாவது வாடகை ஓட்டம், மட்டும்தான் ஓட்டவேண்டும். மரக்கறி வியாபாரி ஹயர் காசை அவரிடம் கொடுப்பார், அவர் கழிக்கவேண்டியதைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை நம் கையில் வைப்பார். இரண்டு தவணை தவறினால் வண்டி திரும்ப அவருக்கு, முன்பணமும் அவருக்கு. இதையெல்லாம் ஒரு தாளில் அடித்து வைத்திருந்தார். கையெழுத்துப் போடும்போது தாளைப் பார்க்காமல் வெளியே நின்ற லொறியைத்தான் எல்லோரும் பார்ப்போம்.

நான் தேயிலைத் தோட்டத்து ட்ரக்டரில் கொழுந்து ஏற்றிக்கொண்டிருந்தவன். சொந்தமாக ஒரு லொறி என்ற நினைப்பு எனக்குள் எப்படி வந்ததோ தெரியாது, வந்தபிறகு போகவில்லை. முன்பணத்துக்கு வீட்டில் இருந்தது மனைவியின் சங்கிலி ஒன்றுதான். அவளுடைய அப்பா அம்மா போட்டது, நல்ல கனமான சங்கிலி. அதை அவள் கழற்றிக் கொடுத்தாள். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. அவள் பெரியவளானால் சடங்கில் போட ஒரு சங்கிலி இருக்கவேண்டும், அதற்குள் இந்த லொறி அதைச் சம்பாதித்துத் தந்துவிட வேண்டும். இதுதான் மனைவியின் ஒரே நிபந்தனை. நான் சரி என்றேன். லொறி எடுக்கப்போகிறவன் எதற்குத்தான் சரி என்று சொல்லமாட்டான்?

ராகலையில் கரட், லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவேன். திரும்பும்போது கடைகளுக்கு அரிசி, மாவு. ஓட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் தரகரின் முற்றத்தில் டிரைவர்கள் எல்லோரும் கூடுவோம். அன்றுதான் கணக்குத் தீர்ப்பார். தவணை கழிப்பார், தரகு கழிப்பார், அது நியாயம். பிறகு ஆபீஸ் செலவு கழிப்பார். அவருடைய ஆபீஸ் என்பது ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு பிள்ளையார் படம். பிள்ளையாருக்கு மாலை வாங்கிய செலவையும் நாங்கள்தான் பகிர்ந்துகொண்டோம். டயர் நிதி என்று ஒன்று இருந்தது. டயர் வெடித்தபோது அந்த நிதியைக் கேட்டேன். அது வெடிக்காத டயர்களுக்கான நிதி என்றார். அவர் மாரியம்மன் கோயிலின் தலைவரும் என்பதால் கோயில் நிதியும் உண்டு. அம்மனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அம்மனைத்தான் கேட்கவேண்டும்.

ஒரே ஒரு விதியில் மட்டும் அவர் கண்டிப்பு. வியாபாரியிடம் காசுப் பேச்சு பேசக்கூடாது. அது மரியாதை இல்லையாம். பேரம் பேசுவது அவருடைய பாடு, ஓட்டுவது எங்கள் பாடு. எனக்கு வழக்கமாகச் சரக்கு ஏற்றுபவர் ராகலைச் சந்தியில் இருந்த ஒரு சிங்கள வியாபாரி. என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கெல்லாம் பிளேன்டீ வரும், எனக்கு வராது. கஞ்சன், ஹயர் காசில் என் வயிற்றில் அடிக்கிறான், ஒரு டீக்கும் கணக்குப் பார்க்கிறான் என்று ரம்பொடை இறங்கி முடியும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போவேன். வளைவுகள் அதிகம், திட்டுவதற்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது.

வீட்டில் ஒருநாள் இந்தக் கழிவுகளைப் பற்றி மனைவியிடம் புலம்பினேன். அவள் காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்களுக்கும் நிறுக்கிறப்ப கூடைக்கு, எலையில இருக்கிற தண்ணிக்குன்னு கழிக்கத்தான் செய்றாங்க. ஆனா தராசு எங்க கண்ணு முன்னாடி தொங்குது. முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துட்டுத்தான் சண்ட போடுறோம். ஒங்க தராசு எங்கங்க தொங்குது?"

நான் ரசத்துக்கு உப்புப் போதவில்லை என்றேன்.

பெயர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் லொறி எடுத்தவன் முதலில் செய்யும் காரியம் எண்ணெய் மாற்றுவதல்ல, நெற்றியில் பிள்ளையின் பெயரை எழுதுவது. முன்கண்ணாடிக்கு மேலே நீளமாக ஒரு தகரப் பலகை இருக்கும். சிவப்பில் அடித்து, மஞ்சளில் பெயர் எழுதி, இரண்டு பக்கமும் பூப் போட்டு, ஓரத்தில் ஊரையும் சின்னதாக எழுதினால்தான் லொறிக்கு முகம் வந்த மாதிரி. தவணையே தொடங்கியிராது, தாளில் வண்டி நம் பெயருக்கு மாறியிராது, ஆனால் பெயர் மட்டும் ஏறிவிடும். இதில் எங்களைவிடத் தரகருக்குத்தான் ஆர்வம் அதிகம். "மக பேரப் போடு தம்பி. அப்பத்தான் பொறுப்பு வரும்" என்று தன் ஆளையே கூப்பிட்டு எழுதவைத்தார். பெயின்ட் செலவு தன்னுடையது என்றார். சனிக்கிழமை கணக்கில் அது என்னுடையதாக மாறியிருந்தது. ஆனாலும் மகளின் பெயர் நெற்றியில் மின்ன முதன்முதலாகச் சந்தியைத் தாண்டிய நாளில், உலகத்திலேயே பெரிய முதலாளி நான்தான்.

அப்படியே வருடங்கள் ஓடின. லொறி இருமிக்கொண்டே ஏறும், முனகிக்கொண்டே இறங்கும். நான் ஒரு தவணைகூடத் தவறவில்லை. சங்கிலிக்குச் சேர்க்கத்தான் முடியவில்லை. தவணை முடிந்தால் சேர்த்துவிடலாம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிய இன்னும் கொஞ்சம்தான் என்ற நிலையில், ஒரு பலாமரக் கிளை நெற்றிப் பலகையில் உரசி மகளின் பெயரில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அந்த வாரம் மாவு மூட்டைகளை இறக்க ஹட்டனுக்குப் போயிருந்தேன். மூட்டை இறங்கும் நேரத்தில், பஸ் நிலையத்துக்குக் கீழே கடை வைத்திருந்த ஒரு பெயின்டரிடம் வண்டியைக் காட்டினேன். தரகரின் ஆள் பழைய பெயின்டுக்கு மேலேயே பூசிவிடுகிறவர். இவர் அப்படியில்லை, தகரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். நான் பக்கத்துக் கடையில் வடை தின்றுகொண்டிருந்தேன். அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?"

ஒரே மகள் என்றேன்.

"அப்ப மத்த மூணு பேரு யாரு?"

ஏறிப் பார்த்தேன். அவர் சுரண்டிய இடத்தில் சிவப்புக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே வேறொரு சிவப்பு. ஒவ்வொரு நிறத்திலும் ஒரு பெயர். மகளுக்குக் கீழே ஒரு பையன். பையனுக்குக் கீழே இன்னொரு பையன். எல்லோருக்கும் கீழே, தகரத்தோடு ஒட்டிக்கொண்டு, பூவெல்லாம் போட்டு ஒரு பெண்பிள்ளை. என் மகளுக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் அந்த லொறிக்கு வாரிசாக இருந்திருக்கிறார்கள். சுரண்டியது போதும் என்று பெயின்டரிடம் சொல்லி, அந்த மூவருக்கும் மேலேயே என் மகளின் பெயரைத் திரும்ப எழுதவைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மிச்ச வடையை வைத்துவிட்டேன்.

நீலத்தில் இருந்த பையனின் பெயருக்கு ஓரத்தில் பூண்டுலோயா என்று எழுதியிருந்தது. ஓட்டமில்லாத ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பஸ் தரிப்பிடத்துத் தேநீர்க்கடையில் விசாரித்தேன். பையனின் தகப்பனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. யாரோ ஒருவருடைய பஸ்ஸைச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். லொறியின் இலக்கத்தைச் சொன்னதும் என்னை உட்காரச் சொன்னார். நலம் விசாரிக்கவில்லை. அவர் கேட்ட முதல் கேள்வி, இன்னும் எத்தனை தவணை இருக்கிறது என்பதுதான்.

கொஞ்சம்தான் என்றேன்.

"அப்ப மழ ஆரம்பிச்சிருக்குமே" என்றார்.

 இரண்டு வாரமாகத் தரகர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மழை தம்பி, சரக்கு வரத்து இல்லை, கொஞ்சம் பொறு. ராகலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மற்ற லொறிகள் நிறைய மூட்டையோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. தவணை முடியும் காலம் வந்தால் அந்த லொறிக்கு மட்டும் தனியாக ஒரு மழை பெய்யும் என்று பஸ் டிரைவர் விளக்கினார். ஹயர் நின்றுவிடும். இரண்டு தவணை தவறும். தாளில் உள்ளபடி வண்டி முற்றத்துக்குத் திரும்பும். புதிதாக ஒருவன் வருவான், அவனுக்கும் ஒரு பிள்ளை இருக்கும். விற்றுக்கொண்டே இருக்கலாம், குறையவே குறையாது. ஒரே ஒரு தடவையாவது வியாபாரியிடம் ஹயர் எவ்வளவு என்று கேட்டிருக்கவேண்டும், மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்று அவர் தன்னையே நொந்துகொண்டார்.

மறுநாள் காலை நான் வியாபாரியிடம் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், மாத்தயா தப்பாக நினைக்கக்கூடாது, என் வண்டிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருஷம் வாங்கித் தின்றவனுக்கு அது தெரியாதா என்றார். பிறகு தொகையைச் சொன்னார். தரகர் எனக்குக் கணக்குக் காட்டிய ஹயரைப்போல இரண்டு மடங்கு. இதற்குக் குறைந்தால் அந்த டிரைவர் என்ஜினைத் தொடவேமாட்டான், பேராசை பிடித்தவன், நான்தான் காலைக் கையைப் பிடித்து அனுப்பிவைக்கிறேன் என்று தரகர் சொல்லியிருக்கிறார். நான் அவரைக் கஞ்சன் என்று திட்டிக்கொண்டு மலை இறங்கிய காலமெல்லாம், அவர் என்னைப் பகற்கொள்ளைக்காரன் என்று திட்டிக்கொண்டு மூட்டை கட்டியிருக்கிறார். பேசவிடாமல் இருவரையும் பிரித்து வைத்தவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தின்றிருக்கிறார். வியாபாரி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். எனக்கு முதன்முதலாக அந்தக் கடையில் ஒரு பிளேன்டீ வந்தது, சீனி தாராளமாகவே போட்டிருந்தார்கள்.

இனிமேல் எந்த டிரைவர் வந்தாலும் மூட்டை ஏற்றுமுன் அவன் காது கேட்க ஹயரைச் சொல்லிவிடுவேன் என்றார். நேரடியாக எனக்கே சரக்குத் தர மட்டும் தயங்கினார். நினைத்த நேரத்தில் லொறி அனுப்பத் தரகரைவிட்டால் அவருக்கும் ஆள் இல்லை. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

தரகரிடம் போய்க் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை, மனவருத்தம் வந்தது. என்னை மகன் மாதிரி நினைத்தாராம். மிச்சப் பாதி என்ன ஆனது என்று கேட்டதற்கு, அது பொறுப்புக்கான கூலி என்றார். யாருடைய பொறுப்பு என்று கேட்டேன். பிள்ளையார் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நம்பிக்கை இல்லாதவனுக்கு எப்படி ஹயர் கொடுப்பது என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என் வண்டிக்கு மழை ஓயவேயில்லை.

இரண்டு தவணை தவறியது. அவருடைய ஆட்கள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். மகளின் பெயர் சந்தியில் திரும்பி மறைவதைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. மனைவி அழவில்லை. வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் மறுபடி தோட்டத்து ட்ரக்டருக்கே போனேன். ஆனால் வாயை மூடவில்லை. தேநீர்க்கடை தேநீர்க்கடையாகக் கதையைச் சொன்னேன். ஹட்டன் பெயின்டர் என்னைவிட நன்றாகச் சொன்னார். பூண்டுலோயா பஸ்ஸில் ஏறியவர்களுக்கு டிக்கட்டோடு கதையும் கிடைத்தது. கொஞ்ச காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. லொறி எடுக்க வருகிறவன் என்ஜின் மூடியைத் திறப்பதில்லை, டயரை உதைப்பதில்லை. ஏணி போட்டு ஏறி, ஒரு ரூபாய் நாணயத்தால் நெற்றியைச் சுரண்டிப் பார்க்கிறான்.

அப்படி ஒருவர் வந்த நேரத்தில் நானும் முற்றத்தில் இருந்தேன். லொறியில் கிடந்த என் தார்ப்பாயை எடுக்கப் போயிருந்தேன். பின்பக்கம் நின்றதால் தரகர் என்னைப் பார்க்கவில்லை. நெற்றியில் புதிதாகப் பச்சை அடித்து வைத்திருந்தார். வந்தவர் ஏறி நாணயத்தால் சுரண்டினார். என் மகளின் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். இது யார் மொதலாளி என்று கேட்டார்.

"அது என் பேத்திப்பா."

நாணயம் மறுபடி சுரண்டியது. பூண்டுலோயாப் பையன் வெளியே வந்தான். அவன் பேரன் என்றார் தரகர். இன்னும் சுரண்டும் சத்தம் கேட்டது. இவனும் பேரனா என்று கேட்டதற்கு, ஆமாம், இரண்டாவது மகளுடைய பிள்ளை என்றார். வந்தவர் இறங்கி நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய குடும்பம் மொதலாளி, நான் வந்து இடைஞ்சல் பண்ணக்கூடாது என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த முன்பணத்தோடு நடந்துவிட்டார்.

வீட்டில் வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அந்த மாதம்தான் மகள் பெரியவளாகியிருந்தாள். சடங்குக்கு நாள் குறித்தாயிற்று. சங்கிலிதான் இல்லை. "பேத்தின்னா சொன்னாரு?" என்று ஒரு தடவை கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மாலை, டிரைவர்கள் எல்லோரும் கணக்குத் தீர்க்க நின்ற நேரத்தில், அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு தரகரின் முற்றத்துக்கு வந்தாள். நான் பின்னால் நின்றேன். மரக்கறி வியாபாரியும் ஏதோ வேலையாக வந்திருந்தார். அவள் கையில் தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம். நேரே மேசைக்கு முன்னால் போய்த் தாம்பாளத்தை நீட்டினாள்.

"ஐயா, ஒங்க பேத்தி பெரிய மனுசி ஆயிட்டா. வர்ற ஞாயித்துக்கெழம சடங்கு. தாத்தா நீங்க வந்து ஒங்க கையால ஒரு சங்கிலி போடணும்."

எந்தப் பேத்தி என்று தரகர் திகைத்தார். அவள் திரும்பி முற்றத்தில் நின்ற லொறியைக் காட்டினாள்.

"நெத்தியில இருக்காளே, அவதான்."

 வியாபாரி என்னவென்று சிங்களத்தில் கேட்டார், யாரோ விளக்கிச் சொன்னார்கள். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தரகரோ கோயில் தலைவர். ஒரு சுமங்கலி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும்போது ஊரே பார்க்க, வரமாட்டேன் என்று சொல்ல அவரால் முடியாது. தாம்பாளத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிள்ளையாரையும் ஒரு தடவை பார்த்தார். கடைசியில் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

வந்தார். லயத்து வாசலில் பந்தல் போட்டிருந்தோம். டிரைவர்கள் ஒருத்தர் விடாமல் வந்திருந்தார்கள். பூண்டுலோயாக்காரர் மகனோடு வந்து, இவனும் ஒங்க பேரன்தான் மொதலாளி என்று கும்பிடவைத்தார். தரகர் கொண்டுவந்த சீர்த்தட்டில் சேலையும் பழமும், நடுவில் ஒரு சின்ன நகைப்பெட்டியும் இருந்தன. மனைவி பெட்டியை எல்லோர் முன்னிலையிலும் திறந்தாள். சங்கிலிதான். நிஜமான தங்கம்தான். அவள் கழற்றிக் கொடுத்ததில் பாதிக் கனம் இருக்கும்.

அதை உள்ளங்கையில் வைத்து, கையை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைப் பார்ப்பதுபோலத் தரகரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூடைக்கும் கழிச்சிட்டீங்க, தண்ணிக்கும் கழிச்சிட்டீங்க. பரவால்லங்க ஐயா. இந்தத் தடவ தராசு எங்க கையில."

பிறகு சங்கிலியை மகளின் கழுத்தில் போட்டுவிட்டு, தாத்தாவுக்கு இலை போடச் சொன்னாள்.